ஈயத்தில் இல்லாத நிறம்

அச்செழுத்துக்கு ஒரே நிறம்தான். ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்து உருக்கி வார்த்த சாம்பல். புது எழுத்து வந்திறங்கிய அன்று கொஞ்சம் பளபளப்பு இருக்கும். நாலு ஃபாரம் ஓடியதும் மை ஏறி, மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி மங்கிப்போகும். என் வேலைக்காலத்தின் முதல் பாதி இந்தச் சாம்பலுக்கு நடுவில் போனது, கம்பாசிட்டராக இருந்தேன். பிற்பாதி புரூஃப் மேசையில், கருப்பு மையோடு. இரண்டு இடத்திலும் எனக்கு எழுத்துகள் நிறத்தோடுதான் இருந்தன. ககரம் பழைய பித்தளை. பகரம் வெளுத்த நீலம். தகரம் காவி. ரகரம் கனகாம்பரம். லகரம் தளிர்ப்பச்சை, ளகரம் கிணற்றுப் பாசி, ழகரம் நாவற்பழம். டகரத்துக்கு மட்டும் ஈயத்தின் நிறமே வாய்த்தது.

இதைக் கேட்பவர்கள் முதலில் கேட்பது, "அப்போ கருப்பு மை உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றுதான். தெரியும். கருப்பு கருப்பாகவே தெரியும். மை குறைந்து சாம்பலடித்தால் எனக்குத்தான் முதலில் கண்ணில் படும். போனில் அம்மாவின் குரல் கேட்டதும் அம்மாவின் முகம் வந்துவிடுகிறது இல்லையா, முகத்தைக் கூப்பிட வேண்டியதில்லை, வராதே என்றாலும் நிற்காது. எழுத்தோடு நிறம் வருவதும் அப்படித்தான். சிலருக்கு நிறம் தாளின் மேலேயே, எழுத்தின்மீது பூசினாற்போல் தெரியும் என்று படித்திருக்கிறேன். அவர்கள் சிறுபான்மை. நான் மனசுக்குள் பார்க்கிற பெரும்பான்மைக் கட்சி.

மருத்துவ உலகம் இதைச் சினஸ்தீசியா என்கிறது. ஒரு புலனில் பட்டது இன்னொரு புலனையும் தட்டி எழுப்பிவிடும். இசை கேட்டால் நிறம் தெரிகிறவர்கள் உண்டு, சொல்லைக் கேட்டால் நாக்கில் ருசி தட்டுகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் ஜூலியா சிம்னர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏதோ ஒருவகை நூற்றில் நான்கு பேருக்கு இருக்கிறது. எழுத்துக்கு நிறம் தெரிகிற என் வகை நூற்றுக்கு ஒருவர். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். வெளியே சொல்வதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

எனக்கும் தோன்றவில்லை. திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் சிலேட்டும் குச்சியுமாகப் படித்த வயதில் அம்மாவிடம் ஒருநாள், "சனிக்கிழமை ஏம்மா மஞ்சளா இருக்கு?" என்று கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை. "போடா, சனீஸ்வரனுக்குக் கருப்பு. வியாழக்கிழமைதான் மஞ்சள், குருவுக்கு" என்றாள். ஆக, கிழமைகளுக்கு நிறம் உண்டு என்பது ஊருக்கே தெரிந்த செய்தி, நான்தான் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நவக்கிரக வஸ்திரக் கணக்கு எனக்குக் கடைசிவரை பொருந்தவில்லை. சகரம் எனக்கு இளமஞ்சள், அதனால் சனி மஞ்சள். ஒரு சொல்லின் நிறத்தை அதன் முதலெழுத்துதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மற்ற எழுத்துகள் தங்கள் நிறத்தோடு உள்ளே இருக்கும், ஆனால் அடங்கி இருக்கும்.

சென்னைக்கு வந்து அச்சகத்தில் சேர்ந்தேன். புதுப் பையனுக்கு எடுத்த எடுப்பில் கம்போசிங் தரமாட்டார்கள். அச்சாகி முடிந்த மேட்டரைக் கலைத்து எழுத்துகளை அதனதன் அறையில் பிரித்துப் போடுகிற வேலைதான். அந்த அறைகள் கொண்ட பெட்டியைக் கேஸ் என்போம். தமிழ் கேஸ் என்றால் சாதாரணமில்லை. கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி வார்ப்பு, மெய்யெழுத்துகள் தனி, கால், கொம்பு, இரட்டைக் கொம்பு தனி, ஜ, ஷ, ஸ, ஹ குடும்பங்கள் தனி. அறைகள் நூற்றைம்பதைத் தாண்டும். எழுத்தின் முகம் இடவலம் மாறி இருக்கும்; வரி கோக்கிற ஸ்டிக்கில் அடுக்கும்போது தலைகீழாகவும் இருக்கும். எழுத்துக் கட்டையின் உடம்பில் ஒரு வெட்டு, நிக் என்போம். அது கட்டைவிரலில் பட்டால் கட்டை சரியான பக்கம் பார்க்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு முன்னால் விரல் தேர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சேர்ந்த புதிதில் கேஸில் நிறமே இல்லை. தாளில் பித்தளையாக இருந்த ககரம் ஈயத்தில் வெறும் உலோகம். இடவலம் மாறிய அந்த உருவத்தை எழுத்தென்று எனக்குத் தெரியும், யோசித்துச் சொல்லவும் முடியும், ஆனால் நிறம் வரவில்லை. மாதங்கள் போயின. ஸ்டிக்கில் கோத்த வரியைத் தலைகீழாகவே, வாய்க்குள் முணுமுணுக்காமல் படிக்கிற பழக்கம் வந்தது. வந்த பிறகு ஒருநாள் கவனித்தால் ஸ்டிக் முழுக்க நிறம். என்று வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நிறம் உருவத்தில் ஒட்டியிருக்கவில்லை. படித்த பிறகு வந்தது. இதைப் பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழியில் நிறுவியதைப் படித்தபோது, எங்கள் கேஸுக்கு முன்னால் நின்றிருந்தால் சீக்கிரம் தெரிந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு இது இல்லை என்று தெரிந்ததும் அங்கேதான். கோயில் நன்கொடைப் புத்தகம் ஒன்றின் ஃபாரத்தில் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வரி இடிக்கிறது, ஒரு ஸ்பேஸைக் குறைக்க வேண்டும்.

"அண்ணே, அந்தக் காவி வார்த்தைக்கு அடுத்தாப்ல எடுத்திரலாம்ணே" என்றேன்.

ஃபோர்மேன் நிமிர்ந்தார். "எது காவி?"

"தானம்ணே."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மண்ணெண்ணெய மோந்து மோந்து உனக்குத் தலைக்கேறிருச்சு தம்பி. வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

டீ குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மெஷின்மேன் ஒருவர் உருளை சுற்றும் ஓசையை வைத்தே மை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பார். மை அதிகமானால் உருளையில் ஒட்டிப் பிரியும்போது 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் கனக்கும். அவர் காதால் மையைப் 'பார்த்தார்' என்று சிலாகிப்பார்கள். அது தேர்ச்சி. ஓசைக்கும் மைக்கும் நிஜமான தொடர்பு இருக்கிறது, பழகினால் யாருக்கும் வரும். பகரம் நீலமாக இருப்பதற்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது, பழகினாலும் உங்களுக்கு வராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கலைஞனுக்கெல்லாம் இது இருக்கும், இருந்தால் கலைஞன் ஆகிவிடலாம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சலிப்பு. நான் கல்யாணப் பத்திரிகை கோத்தவன்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935-இலேயே 'குடியரசு' இதழில் நடைமுறைப்படுத்திய வடிவங்களை, எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் நூற்றாண்டையொட்டி ஏற்றுக்கொண்டது. பழைய அச்சைப் பார்க்காத தலைமுறைக்காகச் சொல்கிறேன்: ணை, லை, ளை, னை நான்குக்கும் அன்று முன்னால் ஐகாரக் கொம்பு கிடையாது, எழுத்தின் மேலேயே யானைத் தும்பிக்கை சுழித்து நிற்கும். ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது; எழுத்தே வால் நீட்டிச் சுழிந்திருக்கும். மாறியது பதின்மூன்று எழுத்து என்பார்கள். கம்பாசிட்டர் கணக்கு வேறு. கேஸில் காலியானது ஏழு அறைதான். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் முன்னால் கொம்பைப் போட்டு, பின்னால் அந்தச் சுழித்த ணா, றா, னாவைச் சேர்த்துக் கோத்தவை.

ஏழு அறை காலியானது யாருக்கும் பெரிய விஷயமில்லை. கைக்கு வேலை கூடியது, அவ்வளவே. முன்பு ஒரு கட்டையில் முடிந்த லைக்கு இப்போது இரண்டு கட்டை. எனக்கு மட்டும் நிறத்தில் கலவரம். பழைய லை என் மனசில் ஒற்றை எழுத்து, அதற்கென்று ஓர் அடர்பச்சை, லகரத்தின் தளிரிலிருந்து நன்றாக விலகிய பச்சை. புதிய லை வந்ததும் அந்த அடர்பச்சை போய்விட்டது. நிறமில்லாத ஐகாரக் கொம்பு, பக்கத்தில் தளிர். மலை, தலை, விலை, வேலை எல்லாம் வெளுத்துவிட்டன. தமிழில் லை இல்லாமல் ஒரு பத்தி கூட நகராது. பல காலம் பாடப்புத்தகத் தாள் ஒவ்வொன்றும் எனக்கு வெயிலில் காயப்போட்ட மாதிரியே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, நான் கவனிக்காத ஏதோ ஒரு சமயத்தில், புதிய லைக்குள் பழைய அடர்பச்சை குடியேறிவிட்டது. ஆனால் பழைய னாவுக்கு இருந்த செம்பு நிறம் புதிய னாவுக்கு வரவே இல்லை. அது இன்றைக்கும் னகரத்தின் தவிட்டு நிறம்தான். ஒன்று ஏன் திரும்பியது, ஒன்று ஏன் திரும்பவில்லை என்று கேட்டால் நானா அரசாணை போட்டேன்?

ஐகாரமும் ஔகாரமும் அந்தச் சீர்திருத்தத்தில் தப்பித்தன. ஆனால் 'விடுதலை' நாளிதழ் அய், அவ் என்றே எழுதி வந்தது. ஐயா எனக்கு வெள்ளி நிறம், அய்யா செங்கல். கூப்பிட்டால் ஒரே ஓசை. தாளில் இரண்டு பேர்.

புரூஃப் மேசைக்கு மாறியபோது இந்த நிறத்தால் எனக்கு ஆதாயம் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. அதை மிகைப்படுத்தவும் மாட்டேன்.

ல, ள, ழ குழப்பத்தில் எனக்கு அகராதி அதிகம் தேவைப்பட்டதில்லை. சொல்லை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் அது எந்தப் பச்சை, அல்லது நாவல், என்று தங்கிவிடும். ண, ன அப்படியே: ஒன்று வறுத்த காப்பிக்கொட்டை, ஒன்று தவிடு. எங்களுக்கு மூலப்படியை உரக்க வாசிக்க ஒருவர் உண்டு, காப்பிஹோல்டர் என்போம். ஒருவர் மதுரைக்காரர், வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றே வாசிப்பார். இன்னொருவர் வடசென்னை, 'வாயப்பயம்'. இருவர் வாயிலிருந்து வந்தாலும் எனக்கு அந்தச் சொல்லுக்குள் நாவற்பழ நிறம்தான். காது கேட்ட ளகரமோ யகரமோ நிறத்தை மாற்றவில்லை. ஆனால் நான் எழுத்தில் பார்த்தறியாத ஓர் ஊர்ப்பெயரை அவர்கள் வாசித்தால், நான் மனசுக்குள் எப்படி எழுதிக்கொண்டேனோ அந்த நிறம் வரும். மூலப்படியை வாங்கிப் பார்த்து அது வேறு எழுத்தென்று தெரிந்த கணம் நிறம் புரண்டுவிடும்.

சந்தியில்தான் பெரிய உதவி. 'அந்தப் பையன்' என்னும்போது முதல் சொல்லின் கடைசியில் ஒரு நீலம், அடுத்த சொல்லின் தொடக்கத்தில் அதே நீலம். 'படிக்கக் கூடாது' என்றால் பித்தளையும் பித்தளையும். ஒற்று விட்டுப்போயிருந்தால் இரண்டு சொல்லுக்கு நடுவில் நிறம் ஒட்டாமல் நிற்கும், கண் இடறும். மற்றவர்கள் விதியை நினைத்துப் பார்த்து ஒற்றுப் போடுகிற நேரத்தில் நான் இடறலை வைத்தே குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஆனால் நிறத்துக்கு இலக்கணம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டுவதும் ஒட்டாததும்தான். 'வந்த பையன்' என்று பெயரெச்சத்துக்குப் பின்னால் ஒற்று மிகாது. நிறம் அங்கேயும் ஒரு நீலத்தைக் கேட்டு நச்சரிக்கும். அந்த இடத்தில் நன்னூல் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். புணர்ச்சி விதியைப் பாடமாகப் படித்துத் தெரிந்துகொண்ட புரூஃப் ரீடருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போது உதவாத இடத்துக்கு வருகிறேன். ரகரமும் காலும். ஓலைச்சுவடியில் இரண்டுக்கும் ஒரே உருவம்; புள்ளியும் கிடையாது. உ.வே.சா. தலைமுறைப் பதிப்பாசிரியர்கள் இடம் பார்த்துத்தான் எது ரகரம், எது கால் என்று பிரித்திருக்கிறார்கள். அச்சில் ரகரத்துக்குக் கீழே ஒரு சிறு சாய்கோடு. அது தேய்ந்தாலோ மை அடைத்தாலோ காலேதான். கேஸில் கை தவறி ஒன்றின் அறையில் மற்றது விழுவதும் சகஜம். 'காரம்' என்ற சொல் 'கரரம்' என்று அச்சாகி வரும். தமிழ் புரூஃபில் இதைவிடத் தொன்மையான பிழை கிடையாது. எனக்கு ரகரம் கனகாம்பரம், காலுக்கு நிறமே இல்லை. அப்படியானால் கரரத்தில் இரண்டு கனகாம்பரம் தெரிய வேண்டும், பளிச்சென்று பிடிபட வேண்டும். பிடிபடாது. நான் 'காரம்' என்று படித்துவிடுகிறேன். படித்ததற்குத்தான் நிறம் வருகிறது. ஒரு கனகாம்பரம் மட்டும் ஒழுங்காக, சாதுவாக நிற்கும். தாளில் இருப்பது எதுவென்று நிறத்துக்குக் கவலையே இல்லை.

ஔவையாரும் அப்படித்தான். எங்கள் கேஸில் ஔவின் பின்பாதிக்குத் தனி வார்ப்பு இல்லை. ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துப் போடுவோம். கௌரவத்துக்கும் அதே ளகரம்தான். அங்கே பாசி நிறம் எட்டிப் பார்க்கவே பார்க்காது. 'களம்' என்ற சொல்லில் பாசியாக நிற்கிற அதே கட்டை பக்கத்து வரியில் 'ஒளவை'யில் இருந்தால் நிறமில்லாமல் இருக்கும். கட்டைக்குக் கட்டை வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை.

ஆகவே ரகர, கால் பிழையைப் பிடிக்க நான் செய்தது எல்லாக் கிழவர்களும் செய்ததுதான். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து மறைத்து, சொல்லைப் படிக்காமல் கட்டை கட்டையாகப் பார்ப்பது. அல்லது பத்தியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது நிறம் மங்கிவிடும். பிழை அப்போதுதான் அகப்படும்.

என் மகள் கல்லூரியில் உளவியல் படித்தபோதுதான் எழுத்துக்கு நிறம் தெரிகிற இந்தத் தன்மைக்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது. வி.எஸ். ராமச்சந்திரன் பற்றி அவள்தான் சொன்னாள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மூளையை ஆராய்கிறவர். அவரும் எட்வர்டு ஹப்பர்டும் 2001-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பக்கம் முழுக்கக் கோணம் கோணமாக 5 என்ற எண்; நடுவே அங்கங்கே 2. இரண்டும் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் உருவங்கள். அந்த 2-களைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். நிறம் தெரிகிறவர்கள் மற்றவர்களைவிட எளிதாக முக்கோணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது: 'பூபா', 'கிகி' என்ற இரண்டு பொருளற்ற சொற்களில் எது வழவழப்பான உருவம், எது முனை முனையான உருவம் என்று கேட்டால், அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் ஏறக்குறைய எல்லோருமே கூரான உருவத்தைக் கிகி என்கிறார்கள். ஓசைக்கும் உருவத்துக்கும் உள்ள அந்தக் கள்ள உறவு எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கோஹ்லர் என்ற ஜெர்மன் அறிஞர் 1929-லேயே இப்படிப்பட்ட சோதனை ஒன்றைச் செய்திருந்தார்.

மகள் எனக்கு அந்த முக்கோணச் சோதனையைத் தமிழில் தயாரித்தாள். தாள் முழுக்க ன, நடுவில் ணகரத்தால் ஒரு முக்கோணம். "பார்த்ததும் சொல்லுப்பா" என்றாள். பார்த்தேன். தவிட்டுக்கு நடுவில் காப்பிக்கொட்டை முக்கோணமாக எழுந்து நிற்க வேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பு. எதுவும் எழவில்லை. வழக்கம்போல மேலிருந்து கீழே எழுத்து எழுத்தாகப் போனேன்; பார்வை விழுந்த இடத்தில் மட்டும் நிறம் வந்தது. முக்கோணத்தைக் கண்டுபிடித்தேன், ஆனால் ஒரு புரூஃப் ரீடராகக் கண்டுபிடித்தேன். அவளுக்கு ஏமாற்றம். "உனக்கு நிஜமாவே இருக்காப்பா?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு வந்த ஆராய்ச்சிகள் என் பக்கம் சாய்ந்தன என்று அவளே தேடி எடுத்துக் காட்டினாள். 2006-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று, 2010-இல் இங்கிலாந்தில் ஜேமி வார்டு குழுவினருடைய இன்னொன்று. நிறம் தெரிகிறவர்களுக்குச் சிறு அனுகூலம் இருக்கலாம், ஆனால் கவனம் விழுவதற்கு முன்பே நிறம் பாய்ந்து வந்து நிற்பதில்லை என்றார்கள். கவனி, படி, பிறகு நிறம். கேஸில் கற்றதும் கரரத்தில் கற்றதும் அதுவேதான்.

நிஜமாகவே இருக்கிறதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. கேம்பிரிட்ஜில் பின்னாளில் பெயர்பெற்ற சைமன் பேரன்-கோஹன் 1987-இல் ஒரு பெண்ணிடம் செய்து காட்டியது. சொற்களின் நிறத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் மறுபடி கேட்க வேண்டும். உள்ளவர்கள் அப்படியே திருப்பிச் சொல்வார்கள், இட்டுக்கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். என் மகள் ஒரு நோட்டில் என் எழுத்துகளை எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, கல்யாணமாகிப் போன பிறகு ஒரு பொங்கலுக்கு வந்தபோது திடீரென்று கேட்டாள். ங, ஞ இரண்டில் மட்டும் தடுமாறினேன். அவை நம் தாளில் தனியாகத் தலைகாட்டுவதே அபூர்வம். ஙகரம் எனக்கு என்றுமே புகைதான். மற்றதெல்லாம் பழைய நோட்டின்படி இருந்தன. அன்றோடு சந்தேகத்தை விட்டாள்.

நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் ஒரு பொம்மைக் கம்பெனி விற்ற நிறநிறமான காந்த எழுத்துகளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி விளையாடிய குழந்தைகள் சிலருக்குப் பிற்காலத்தில் அதே நிறங்கள் எழுத்தோடு தங்கிவிட்டன. நேதன் விட்ஹாஃப்ட், ஜொனதன் வினாவர் என்ற இருவர் 2006-இல் அப்படி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். டேவிட் ஈகிள்மனோடு சேர்ந்து 2015-இல் 6,588 பேரின் பதிவுகளை அலசியபோது, ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேரின் நிறங்கள் அந்தப் பொம்மையோடு பொருந்தின. மகள் என் அரிச்சுவடியைப் பற்றி விசாரித்தாள். என்ன சொல்வது? எங்கள் அரிச்சுவடி மட்டமான தாளில் கருப்பு மை. சிலேட்டு கருப்பு, குச்சி வெள்ளை. வாத்தியார் வேட்டி வெள்ளை. எங்கிருந்து நாவற்பழம் வந்தது என்பதற்கு என்னிடம் பதிலில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நாவல் மரம் இருந்தது உண்மை. அதை வைத்துக் கதை கட்டினால் மற்ற எழுத்துகளுக்கும் மரம் தேட வேண்டியிருக்கும்.

ஆங்கில எழுத்துகள் வயது வந்து கற்றவை. அவை பெரும்பாலும் தமிழிலிருந்து கடன் வாங்கிக்கொண்டன. 'பி' பகரத்தின் நீலம், 'எம்' மகரத்தின் அரக்கு. 'சி' மட்டும் ஒரு நிலையில் நிற்காது. சகரமாக ஒலிக்கிற சொல்லில் இளமஞ்சள், ககரமாக ஒலிக்கிற சொல்லில் பித்தளை. தமிழ் எண்கள் இன்னும் வேடிக்கை. பழைய நூல்களை மறுபதிப்புச் செய்யும்போது பக்க எண்கள் ௧, ௨ என்று வரும். ௧ பார்க்க ககரம், ௭ பார்க்க எகரம், ௮ பார்க்க அகரம். என் ஒன்றுக்கு வெள்ளை நிறம். பக்கத்தின் தலையில் ௧ பட்டதும் முதலில் பித்தளை. 'ஓ, பக்க எண்' என்று உறைத்ததும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் மாறுகிற அந்தக் கணத்தை வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சும்மா ஒரு பொழுதுபோக்கு.

கணினி வந்ததும் ஈயம் போனது. தொண்ணூறுகளில் ஆளாளுக்கு ஓர் எழுத்துரு, ஆளாளுக்கு ஒரு குறியேற்றம். ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளாகக் கொட்டும். எனக்கு நிறமே வராத பக்கங்கள் அவைதான், படிக்க முடியவில்லையே. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு தாம், தாப் என்று இரண்டு குறியேற்றங்களைக் கொண்டுவந்தது; கடைசியில் ஒருங்குறியில் எல்லாம் அடங்கியது. ரகரமும் காலும் இப்போது கணினிக்குள் வெவ்வேறு எண். 'ஒளவை'யையும் 'கரரம்' வகையையும் ஒரு தேடலில் பிடித்துவிடுகிறார்கள். கணினி படிப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. அதனால் நான் ஏமாறுகிற இடத்தில் அது ஏமாறாது. பழைய தும்பிக்கை லை வேண்டுமென்றாலும் அதே எண்ணுக்கு எழுத்துரு வேறு உருவம் கொடுத்துவிடும். அப்படி ஒரு மறுபதிப்பு என் மேசைக்கு வந்தது. என் பழைய அடர்பச்சை எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய னா மட்டும் செம்புக்கும் தவிட்டுக்கும் நடுவில் புத்தகம் முழுக்க ஊசலாடியது.

இந்தத் தன்மை குடும்பத்தில் ஓடும் என்கிறார்கள். எழுத்தாளர் நபக்கோவுக்கும் அவருடைய அம்மாவுக்கும் இருந்தது. மனைவிக்கும் மகனுக்கும் கூட இருந்தது. சின்ன வயதில் நிறக்கட்டைகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்து, நிறமெல்லாம் தப்பு என்று நபக்கோவ் சொன்னபோது அவருடைய அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டதாம். என் வீட்டில் மகளுக்கு இல்லை. கூடப் பிறந்தவர்களிடம் கேட்டால் ஃபோர்மேன் பார்த்த பார்வைதான் பார்க்கிறார்கள்.

ஆனால் நான் இப்போதும் புரூஃப் பார்த்துக் கொடுக்கிற டிடிபி கடையில் ஒரு பெண் இருக்கிறாள். குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்று, தலைப்பில் மழை இருந்தது. உள்தலைப்புப் பக்கத்தில் தலைப்பை நிறத்தில் போட்டுக் காட்டினாள். மகரம் நல்ல பச்சை. எனக்குப் பல்லில் மணல் கடிபட்ட உணர்வு.

"ஏம்மா, மகரத்துக்குப் போய் பச்சையா? அரக்குல்ல போடணும்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன சார் சொல்றீங்க. ம பச்சைதானே. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு அது பச்சைதான்."

"ழகரம்?"

"மஞ்சள் சார். வேற என்ன?"

நாவல் என்றேன். இல்லவே இல்லை என்றாள். டகரத்தில் மட்டும் இருவரும் சாம்பலுக்கு ஒத்துக்கொண்டோம்; ஐகாரத்தில் வெள்ளி, தங்கம் என்று மறுபடி முறுகியது. கடையில் இருந்த மற்ற இருவரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிப்பகக்காரர் உள்ளே வந்தார். எதற்குச் சண்டை என்று கேட்டார், சொன்னோம். திரையைக் குனிந்து பார்த்தார்.

"உள்பக்கம் எல்லாம் ஒத்தக் கலர்தான் சார். இதுக்குன்னு இன்னொரு பிளேட்டா போடுவாங்க? கருப்புலயே விடுங்க" என்று சொல்லிவிட்டு, அட்டைக்கு மேட்டர் வந்துவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினார்.